அப்பான்ர ட்ரக்கும் மாமியின்ர குரலும்: 400 டொலருக்குள் ஒரு சவுண்ட் பாடம்



இந்தக் கிழமை எபிசோட் கேட்டவர்களுக்குத் தெரியும், நான் ஒரு பழைய ட்ரக்கைப் பற்றிக் கனக்கக் கதைச்சு நேரத்தை முடிச்சிட்டன். வயர் நிறம், வாட் கணக்கு, விலை எல்லாம் காதால் கேட்டு ஞாபகம் வைக்க ஏலாது. அதனால் முழுப் பாடமும் இங்கே எழுத்தில். கராஜுக்குப் போகும்போது போனில் திறந்து வைச்சுக்கொள்ளுங்கோ.

முதலில் கதை. அப்பாவின் பிக்கப் ட்ரக் 2006 ஆம் ஆண்டு மொடல். பெயின்ட் வேலை, ட்ரைவோல் வேலை எல்லாம் அதில்தான். விடிய ஆறரைக்கு ஸ்காபரோவில் இருந்து 401 இல் ஏறினால் மிசிசாகா போய்ச் சேர ஒரு மணித்தியாலம். அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் பின்னேரம். மாமி அப்பதான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு போன் எடுப்பா. வருசக் கணக்காக நடந்த பழக்கம் இது. போன வருசம் அப்பா அதை நிப்பாட்டிட்டார். "ஓடேக்க எடுக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். ஒண்டும் விளங்குதில்லை. எனக்குக் காது போட்டுது" என்றார்.

எனக்கு உடனே வந்த யோசனை: பெரிய அம்ப், சீற்றுக்குப் பின்னால் 10 இஞ்ச் சப். அப்பா சொன்னது ஒரே வசனம்: "தம்பி, உந்த டும் டும் எனக்கு வேண்டாம். உன்ர மாமி கதைக்கிறது விளங்கினாக் காணும்."

அந்த வசனம்தான் இந்தப் பாடத்தின் அளவுகோல். சத்தம் கூட்டுறது வேற வேலை, சொல் விளங்கச் செய்யிறது வேற வேலை. இரண்டாவதைச் செய்ய அவ்வளவு காசு தேவையில்லை. ஆனால் செலவழிக்கிற ஒழுங்கு சரியாக இருக்க வேணும்.

1. காசு எடுக்க முன்னம் ஒரு மணித்தியாலம்

எதையும் வாங்க முன்னம் ட்ரக்கை நிப்பாட்டி வைச்சு, உங்களுக்கு நல்லாப் பழகின ஒரு பாட்டைப் போடுங்கோ. பேலன்ஸையும் ஃபேடரையும் மாத்தி மாத்தி, ஒரு நேரம் ஒரு ஸ்பீக்கர் மட்டும் கேட்கச் செய்யுங்கோ. எங்கட ட்ரக்கில் கிடைச்ச விடை இது: டிரைவர் பக்க ஸ்பீக்கரில் கரகரப்பு, மற்றப் பக்கம் அரைவாசிச் சத்தம், பின்னுக்கு ஒண்டு செத்தே போச்சு. இவ்வளவு காலமும் அப்பா வொலியூமைக் கூட்டிக் கூட்டிக் கேட்டது கிழிஞ்ச கடதாசியை.

கதவு பனலைக் கழட்டினால் காரணம் தெரியும். ஸ்பீக்கர் கூம்பைச் சுத்தி இருக்கிற மெல்லிய விளிம்பு, வெயிலும் ஈரமும் குளிரும் பட்டுப் பட்டு வெடிச்சுப் போகும். இருபது வருசத்துக்கு இது சாதாரணம். மல்டிமீற்றர் இருந்தால் இன்னும் சுகம். நல்ல 4 ஓம் ஸ்பீக்கரை அளந்தால் மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் ஒரு எண் வரும். ஒண்டும் காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்திட்டுது.

அடுத்து, சத்தம் எங்கே இருந்து வருது என்று பாருங்கோ. அப்பாவிடம் இருந்தது 12 வோல்ட் சொக்கெற்றில் குத்துற இருபது டொலர் எஃப்எம் ட்ரான்ஸ்மிற்றர். போனில் இருந்து புளூடூத்தில் வாங்கி, குட்டி எஃப்எம் நிலையம் மாதிரித் திரும்ப ஒலிபரப்பும். ரொறொன்ரோவில் எஃப்எம் வரிசை நெருக்கமாக நிரம்பியிருக்கு. ஸ்காபரோவில் வெறுமையாக இருந்த இடம் மிசிசாகாவில் வேற நிலையத்தோட மோதும். மாமியின் குரலுக்குப் பின்னால் "ஷ்ஷ்" என்று வந்தது இதுதான். உங்கட ரேடியோவில் ஓக்ஸ் ஓட்டை இருந்தால் ஒரு வயர் போட்டு முதலில் அதில் கேட்டுப் பாருங்கோ. ஐந்து டொலரில் பாதிப் பிரச்சினை முடிஞ்சாலும் முடியும்.

ரேடியோவே இரையுது என்றால் அன்டெனாவைப் பாருங்கோ. ரோட்டு உப்பு அதன் அடியில் ஊறித் துரு பிடிக்கும். கழட்டி, கம்பித் தூரிகையால் தேய்ச்சு இறுக்கினால் போதும். எங்கட அப்பா அம்மா ஆக்கள் 90களில் இங்கே தமிழ் வானொலி கேட்டதே வேற விதம். எஃப்எம் நிலையங்களின் அலைக்குள்ளேயே ஒரு துணை அலையில் நிகழ்ச்சி வரும். சாதாரண ரேடியோவில் பிடிக்காது, அதற்கென்று தனி ரிசீவர் வாங்கி வீட்டில் வைச்சிருக்க வேணும். 2004 இல் 101.3 இல் சிஎம்ஆர் தொடங்கின பிறகு சாதாரண எஃப்எம் ரேடியோவிலும் காரிலும் அதில் தமிழ் கேட்க முடிஞ்சது. அதனால் அப்பா ஆக்களுக்கு அந்த ரேடியோ பொத்தான் சும்மா ஒரு பொத்தான் இல்லை. புதுசு போடுறம் என்று அதைக் கெடுத்துப் போடாதேங்கோ.

2. வாட் கணக்கு

கடையில் பெட்டியைப் பார்த்தால் "1200 வாட்" என்று இருக்கும். அது ஒரு கண நேர உச்சம். நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்ற எண். சிடிஏ-2006 என்று போட்டிருந்தால் இன்னும் நல்லம். 14.4 வோல்டில், 4 ஓமில், 1 வீதத்துக்கு மேல் பிசகாமல் அளந்த எண் என்று அதற்கு அர்த்தம்.

டாஷில் இருக்கிற ரேடியோவில் "50 வாட் × 4" என்று எழுதியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கோ. இஞ்சின் ஓடும்போது கிடைக்கிறது ஏறக்குறைய 14.4 வோல்ட். 14.4 ஐ 14.4 ஆல் பெருக்கி 8 ஆல் பிரிச்சால் (4 ஓமின் இரண்டு மடங்கு) வரும் விடை 26. அதில் இழப்பும் போக, சுத்தமாகக் கிடைக்கிறது 18 முதல் 22 வாட் வரை. புதுசோ பழசோ, விலை கூடவோ குறையவோ, தனி அம்ப் இல்லாத ரேடியோ எல்லாம் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

அது காணுமா? காணும். காரணத்தைக் கோயிலில் பார்க்கலாம். ஊரில் திருவிழாவுக்குத் தென்னை மரத்தில் கட்டுற குழாய் ஸ்பீக்கரை வீடியோவிலாவது பார்த்திருப்பீங்கள். அதுக்குப் பெரிய வாட் ஒண்டும் போறதில்லை. ஆனால் அறிவித்தல் மூன்று ஒழுங்கை தாண்டிக் கேட்கும். குடுக்கிற மின்சாரத்தில் கூடின பங்கைச் சத்தமாக மாத்துற அமைப்பு அது. பேஸ் துப்பரவாக இல்லை, ஆனால் குரல் இருக்கிற இடத்தில் எல்லாப் பலமும் இருக்கு.

இந்தக் குணத்துக்குப் பெயர் உணர்திறன். ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கத்தில் "சென்சிற்றிவிற்றி" என்று டெசிபெலில் இருக்கும். இரண்டு விதியைப் பாடமாக்குங்கோ. வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் போலத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபெல் வேணும்.

இப்ப 86 டெசிபெல் ஸ்பீக்கர் ஒண்டும் 92 டெசிபெல் ஸ்பீக்கர் ஒண்டும் எடுப்பம். வித்தியாசம் 6. அதாவது இரண்டு தரம் இரட்டிப்பு, நாலு மடங்கு வாட். 92 காரனுக்கு 18 வாட் குடுத்தால் வருகிற சத்தத்துக்கு 86 காரனுக்கு 72 வாட் வேணும். ஒரே விலையில் இருக்கிற இரண்டு பெட்டியில் எண்ணைப் பார்த்து எடுத்ததால் மட்டும் கிடைக்கிற லாபம் இது. அதே நேரம், 18 வாட்டுக்குப் பதில் 50 வாட் அம்ப் வாங்கினால் எவ்வளவு கூடும்? நாலரை டெசிபெல் கூட இல்லை. அதற்கு 150, 200 டொலர்.

3. கதவுதான் பெட்டி

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கு. ட்ரக் ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. ஆனால் அது ஓட்டைப் பெட்டி. கூம்பு முன்னுக்குத் தள்ளும்போது பின்னுக்கு இழுக்கும். முன் அலையும் பின் அலையும் நேர் எதிர். பின் அலை ஓட்டைகளுக்குள்ளால் வந்து முன் அலையோட சேர்ந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று அழிக்கும். கீழ்ச்சுரங்கள்தான் முதலில் போகும். மிஞ்சிறது மெல்லிய தகரக் குரல்.

செய்ய வேண்டியது:

- பனலைக் கழட்ட முன்னம் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழட்டி, சில நிமிசம் பொறுங்கோ. மஞ்சள் நிறக் கனெக்டர் கண்டால் தொடாதேங்கோ. அது எயர்பாக்.
- ஸ்பீக்கரைச் சுத்தி இருக்கிற தகரத்தில் பியூட்டில் தகடு ஒட்டுங்கோ. கதவு முழுக்க ஒட்டத் தேவையில்லை. விரலால் தட்டிப் பாருங்கோ. "டங்" என்று கேட்டது "டொக்" என்று மாறினால் காணும்.
- கதவின் அடியில் இருக்கிற தண்ணி வடியும் துளைகளை மூடாதேங்கோ. மூடினால் கதவுக்குள் தண்ணி தேங்கித் துரு பிடிக்கும். உள்ளே இருக்கிற பிளாஸ்ரிக் ஷீற்றையும் கிழிக்க வேண்டாம். மழைத் தண்ணி உள்ளுக்கு வராமல் தடுக்கிறது அதுதான்.
- ஸ்பீக்கர் விளிம்புக்கும் பனலுக்கும் இடையில் ஒரு நுரை வளையம். சத்தம் பனலுக்குள் சிதறாமல் நேரே உங்களிடம் வரும்.
- எல்லாம் பூட்ட முன்னம் கண்ணாடியை ஏத்தி இறக்கிப் பாருங்கோ. ஸ்பீக்கரின் காந்தத்தில் முட்டுதோ என்று அப்பதான் தெரியும்.

இதை ஜனவரியில் வெளியில் நிண்டு செய்யாதேங்கோ. குளிரில் பனல் கிளிப்புகள் பிஸ்கட் மாதிரி முறியும். பியூட்டிலும் ஒட்டாது. பத்துப் பாகைக்கு மேல் இருக்கிற ஒரு நாள் வரும் வரைக்கும் பொறுங்கோ, இல்லாட்டி சூடான கராஜ் வைச்சிருக்கிற மாமா ஒருத்தரைப் பிடியுங்கோ.

4. ஸ்பீக்கர்: முன்னுக்கு ஒரு சோடி காணும்

டிரைவர் முன்னுக்குத்தான் இருக்கிறார். பின்னுக்கு இருக்கிற சோடியை இப்ப மறந்துவிடுங்கோ. முன்கதவுக்கு நல்ல ஒரு சோடி கோஆக்சியல் வாங்குங்கோ. கோஆக்சியல் என்றால் பெரிய கூம்பின் நடுவில் சின்ன ட்வீற்றர் இருக்கிறது. அளவைக் கட்டாயம் பாருங்கோ. ஃபோர்டு ட்ரக்குகள் பலதில் 6க்கு 8 இஞ்ச் முட்டை வடிவம். மற்றதுகளில் 6.5 வட்டம் இருக்கலாம், 6க்கு 9 இருக்கலாம். 4 ஓம், 90க்கு மேல் உணர்திறன். இந்த இரண்டும் இருந்தால் பெயர் பெரிசா இல்லாட்டிலும் பரவாயில்லை.

கிஜிஜியில் பழசு வாங்கினால் கூம்பை இரண்டு விரலால் மெல்ல அமத்திப் பாருங்கோ. உள்ளே உரசிற சத்தம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கோ.

பூட்டும்போது போலாரிற்றி முக்கியம். ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறினால், இடது கூம்பு முன்னுக்குப் போகும்போது வலது பின்னுக்குப் போகும். பேஸ் காணாமல் போகும், குரல் எங்கே இருந்து வருது என்று தெரியாமல் தலைக்குள் மிதக்கும். சந்தேகம் என்றால் ஒரு சாதாரண டபிள் ஏ பற்றரி எடுங்கோ. அதன் பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ்ஸில், மைனஸை மைனஸில் ஒரு கணம் தொடுங்கோ. கூம்பு வெளியில் தள்ளினால் சரி. உள்ளே இழுத்தால் மாறிப் போச்சு.

5. ஹெட் யூனிட்டும், நான் விட்ட பிழையும்

பழைய ரேடியோ நல்ல நிலையில் இருந்து ஓக்ஸ் ஓட்டையும் இருந்தால், இதைத் தாண்டிப் போகலாம். எங்கட ட்ரக்கில் சிடி மட்டும். அதனால் புளூடூத்தும் வெளி மைக்கும் இருக்கிற ஒரு சின்ன ஹெட் யூனிட் வாங்கினோம். பெரிய தொடுதிரை வேண்டாம் என்று முடிவு எடுத்தது அப்பா. குளிரில் கையுறையோட தொட ஏலாது, திருகிற வொலியூம் பொத்தான்தான் வேணும் என்றார். அவர் சொன்னது சரி.

உங்கட ட்ரக்குக்கு ஏற்ற வயரிங் ஹார்னஸ் வாங்குங்கோ. கம்பனி வயரை வெட்டாதேங்கோ. ஹார்னஸில் இருக்கிற நிறங்கள் எல்லாருக்கும் பொது:

- மஞ்சள்: எப்பவும் 12 வோல்ட்
- சிவப்பு: சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட்
- கறுப்பு: கிரவுண்ட்
- நீலம்: பவர் அன்டெனா, நீலத்தில் வெள்ளைக் கோடு: அம்ப்பை எழுப்புற வயர்
- செம்மஞ்சள்: லைற்
- வெள்ளை: முன் இடது, சாம்பல்: முன் வலது
- பச்சை: பின் இடது, ஊதா: பின் வலது (கறுப்புக் கோடு இருந்தால் அது மைனஸ்)

2000களின் ஜிஎம் ட்ரக் வைச்சிருக்கிறவர்கள் கவனிக்க: பலதில் சாவி, சீற் பெல்ட் மணி எல்லாம் ரேடியோ வழியாகத்தான் அடிக்கும். சும்மா கழட்டினால் மணியும் போகும். அதற்கென்று இருக்கிற இன்ரர்ஃபேஸ் ஹார்னஸ் கொஞ்சம் விலை கூட. அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கோ.

இனி என்ர பிழை. ஹார்னஸ் வரக் கொஞ்ச நாள் ஆகும் என்று சொன்னார்கள். எனக்குப் பொறுமை இல்லை. நானே வயரைத் தேடி இணைச்சன். சாவியோட வாற வயர் எது என்று கண்டுபிடிக்க ஏலாமல், சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி ஒரே இடத்தில் குடுத்தன். ரேடியோ வேலை செய்தது. நான் பெருமையோட படம் எடுத்துப் போட்டன். வொலியூம் குறைச்சபடி அது இரவு முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது எனக்குத் தெரியாது.

ஜனவரி மாதம், பழைய பற்றரி. விடிய ஐந்தரைக்கு அப்பா சாவியைத் திருப்பினார். "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அண்ணா எழும்பி ஜம்ப் குடுக்கும்போது ஏழரை. அண்டைக்கு அப்பாவுக்கு அந்த வேலை போச்சு. ஒரு நாள் சம்பளம், நான் வாங்கின ரேடியோவைவிடக் கூட.

அவர் ஏசேல்லை. பின்னேரம் கராஜில் வந்து நிண்டு ஒரு கதை சொன்னார். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் வராது. செய்தி கேட்க ஆக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிப்பாட்டி, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் வருகிற கறண்டில் ரேடியோ கேட்டார்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். ஒழுங்கை முழுக்கச் சுத்தி இருந்து கேட்கும், சின்னப் பெடியள் முறை வைச்சுச் சுத்துவினம்.

"சுத்திறவன் களைச்சா ரேடியோவும் நிண்டிடும். அதால எல்லாருக்கும் தெரியும், கறண்ட் எங்க இருந்து வருது எண்டு. உன்ர ரேடியோவை ராத்திரி முழுக்க ஆர் சுத்தினது?"

பற்றரிதான் சுத்தியிருக்கு. அதுக்குப் பிறகு நான் ஒரு வயரையும் அளக்காமல் இணைச்சதில்லை. சாவியை எடுத்த பிறகு சிவப்பில் மல்டிமீற்றரை வையுங்கோ. பூச்சியம் காட்ட வேணும். முறுக்கி ரேப் சுத்தாதேங்கோ, வெயிலில் பசை உருகிக் கழரும். கிரிம்ப் கனெக்டர் போட்டு இழுத்துப் பாருங்கோ.

மைக் வைக்கிற இடமும் கனக்கப் பேர் கவனிக்காத விசயம். ஹீற்றர் காத்து வாற துவாரத்துக்குக் கிட்ட வைச்சால், மற்றப் பக்கத்தில் கேட்கிற ஆளுக்குப் புயல் அடிக்கும். கூரை ஓரத்தில், சன் வைசருக்குக் கிட்ட, வாயை நோக்கி வையுங்கோ. வயரைக் கண்ணாடித் தூணுக்குள்ளால் கொண்டு போறதெண்டால், உள்ளே எயர்பாக் இருக்கா என்று முதலில் பாருங்கோ. மாமிக்கு இப்ப அப்பா கதைக்கிறது விளங்குது என்றால் பாதிக் காரணம் இந்தச் சின்ன மைக்.

ஒன்டாரியோவில் போனைக் கையில் பிடிச்சபடி ஓடினால் முதல் தரமே தண்டப்பணம், மூன்று டிமெரிற் புள்ளி, மூன்று நாள் லைசன்ஸ் இடைநிறுத்தம். ட்ரக்கில் பிழைக்கிற ஆளுக்கு அந்த மூன்று நாளும் பெரிய அடி. அதனால் இந்த ஹெட் யூனிட்டை ஆடம்பரம் என்று நினைக்காதேங்கோ.

6. செற்றிங்: சதம் செலவில்லாத பகுதி

ரெலிபோனில் குரலுக்கென்று பாரம்பரியமாக ஒதுக்கின இடம் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ். உயிரெழுத்துகளின் பலம் கீழ்ப்பகுதியில் இருக்கு. ச, த, ப, க மாதிரி எழுத்துகளைப் பிரிச்சுக் காட்டுற கூர்மை மேல்பகுதியில் இருக்கு. ட்ரக்கின் இரைச்சலோ, டயர், இஞ்சின் எல்லாம் சேர்ந்து, பெரும்பாலும் அடியில். ஆகவே அடியைக் கூட்டினால் இரைச்சலோட சண்டை. மேலே கொஞ்சம் திறந்து விட்டால் சொல் வெளியில் வரும்.

- ஹை-பாஸ் ஃபில்ற்றரை 80 அல்லது 100 ஹேர்ட்ஸில் வையுங்கோ. அதே சத்தத்தை 100 க்குப் பதில் 50 ஹேர்ட்ஸில் குடுக்கக் கூம்பு நாலு மடங்கு தூரம் அசைய வேணும். அந்தப் பாரத்தை எடுத்துவிட்டால் ஸ்பீக்கர் குரலைச் சுத்தமாகப் பேசும்.
- பேஸைக் கூட்டாதேங்கோ. 6 டெசிபெல் கூட்டினால் நாலு மடங்கு வாட் கேட்கும். உங்களிடம் இருக்கிறது 18.
- 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபெல் மட்டும் கூட்டுங்கோ. அதுக்கு மேல் போனால் காது குத்தும்.
- வொலியூமை மெல்லக் கூட்டி, குரல் சொரசொரக்கத் தொடங்கிற எண்ணைக் குறிச்சு வையுங்கோ. அந்த இடத்தில் ரேடியோவுக்குப் பலம் முடிஞ்சு, அலையின் தலை வெட்டுப்படுது. அதற்கு இரண்டு எண் கீழேதான் உங்கட எல்லை.

7. கணக்கு

எங்களுக்கு ஆன செலவு:

- பியூட்டில் தகடு, நுரை வளையம்: 45
- முன் ஸ்பீக்கர் ஒரு சோடி: 95
- ஹார்னஸ், டாஷ் கிற், அன்டெனா அடாப்ற்றர்: 50
- ஹெட் யூனிட்: 130

மொத்தம் 320. எச்எஸ்ரி 13 வீதம், 41.60. ஆக 361.60. மிச்சம் 38.40 இல் கிரிம்ப் கனெக்டர், பனல் கழட்டுற பிளாஸ்ரிக் கருவி, ஒரு மலிவான மல்டிமீற்றர். 400க்குள் முடிஞ்சது.

உங்களிடம் இவ்வளவு காசு இல்லை என்றால் கதவும் ஸ்பீக்கரும் மட்டும் செய்யுங்கோ. அந்த இரண்டிலேயே பெரிய மாற்றம் கேட்கும். 600 இருக்கு, பாட்டுக்கும் வேணும் என்றால் 50 வாட் × 4 சின்ன அம்ப் ஒண்டு சேர்க்கலாம். அது 20, 25 அம்பியர் இழுக்கும். 8 கேஜ் சுத்தச் செம்பு வயர் போடுங்கோ. பற்றரியில் இருந்து 45 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் கட்டாயம். அது அம்ப்பைக் காப்பாத்த இல்லை, வயர் எங்கேயாவது உரசினால் ட்ரக் எரியாமல் இருக்க. கிரவுண்டுக்குப் பெயின்ற்றைச் சுரண்டி, வெறும் தகரத்தில் இறுக்குங்கோ. இஞ்சினோட சேர்ந்து "ஊய்" என்று ஒரு சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கிரவுண்டைத்தான். சப் எல்லாவற்றுக்கும் கடைசி.

8. கடைசியாக, காது

வேலை முடிஞ்ச அடுத்த நாள் விடிய அப்பாவோட நானும் ஏறினன். கென்னடி ரோட் தாண்டும்போது மாமியின் போன் வந்தது. "கேக்குதே?" என்று மாமி வழமை போலக் கத்தினா. "கத்தாத, கேக்குது" என்றார் அப்பா. பிறகு முருங்கைக்காய் விலையில் இருந்து கோயில் கொடியேற்றம் வரைக்கும் கதை போச்சு. நான் வாய் திறக்கேல்லை.

ஆனால் ஒரு விசயம் கவனிச்சன். மாமி சொன்ன சில சொற்களை அப்பா இன்னும் திருப்பிக் கேட்டார். எனக்குத் தெளிவாக விளங்கின சொற்கள். வயசோட காது இழக்கிறது முதலில் மேல்சுரங்களைத்தான். இருபது வருசம் ட்ரில்லும் வாளும் கேட்ட காதுக்கு இன்னும் வேளைக்கே. ஒன்டாரியோவில் வேலையிட எல்லை எட்டு மணித்தியாலத்துக்கு 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 88க்கு நாலு மணித்தியாலம், 91க்கு இரண்டு. கிழிஞ்ச ஸ்பீக்கரை உச்சத்தில் வைச்சு நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓடினதும் அந்தக் கணக்கில் சேரும்.

அதனால் அப்பாவைக் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனன். மேல்சுரத்தில் குறைவு இருக்கு என்றார்கள். காதுக் கருவி தேவைப்படுற ஆக்களுக்கு ஒன்டாரியோ அரசின் ஏடிபி திட்டம் விலையில் 75 வீதம், ஒரு காதுக்கு 500 டொலர் வரைக்கும் குடுக்கும். அப்பா இன்னும் "யோசிப்பம்" என்ற கட்டத்தில்தான் நிக்கிறார். ஆனால் "எனக்குக் காது போட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறதை விட்டிட்டார். பாதிப் பிழை ட்ரக்கில் இருந்தது என்று இப்ப அவருக்குத் தெரியும். மற்றப் பாதியைப் பற்றிக் கதைக்க அதுதான் வழி திறந்தது.

இந்தக் கிழமை வீட்டுப்பாடம்

அப்பாவோ அம்மாவோ மாமாவோ ஓடுற வண்டியில் ஒரு தரம் ஏறுங்கோ. பேலன்ஸை மாத்தி ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கோ. பிறகு ஹைவேயில் ஊருக்கு ஒரு போன் போட்டு, அவர்கள் எத்தனை தரம் "ஆ? என்ன?" என்று கேட்கிறார்கள் என்று எண்ணுங்கோ. அந்த எண்ணை எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ. என்ன ட்ரக், எந்த வருசம், எவ்வளவு காசு இருக்கு என்றும் சேர்த்து எழுதினால், அடுத்த எபிசோடில் உங்கட வண்டிக்கு என்ன ஒழுங்கில் செலவழிக்கலாம் என்று இருந்து கணக்குப் பார்ப்பம்.

சந்திப்பம். சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்காதேங்கோ.